நாகப்பட்டினத்து வீட்டுப் பத்திரத்தின் கடைசித் தாள்

கொல்லிமலைக்கு வரச் சொல்லி ஆள் வந்தபோது நான் முதலில் கேட்டது என்ன வேலை என்பதை அல்ல. மலையில் இப்போது காய்ச்சல் இருக்கிறதா என்பதைத்தான். வந்திருந்தவர் ஒரு காப்பித் தோட்டத்து மேஸ்திரி. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "இருக்குதுங்க. அது எப்பவும் இருக்கறதுதானுங்களே" என்றார். வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல இருந்தது. 

யுத்தத்துக்கு முந்தைய காலம் அது. துறையூர்ப் பக்கத்து ஆட்கள் மலையேறினால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். ராத்தங்கினால் மலைக்காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். நானோ வாரக்கணக்கில் தங்கப் போகிறவன். காய்ச்சலுக்கான கொயினா மாத்திரைப் புட்டியை மடியில் முடிந்துகொண்டு, புளியஞ்சோலை ஓடையைக் கடந்து ஏறத் தொடங்கினேன். வழியெல்லாம் மேஸ்திரி மரங்களைக் காட்டினார், அருவியைக் காட்டினார். நான் கொசுவைப் பார்த்துக்கொண்டு போனேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விவசாயக் குடும்பத்தில் பிறந்து விவசாயம் வராதவன் நான். இள வயதிலேயே கொழும்புக்குப் போய், அங்கே ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் பத்திரம் படியெடுக்கும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். நொத்தாரிசு என்றால் சொத்துப் பத்திரங்களை எழுதி முத்திரை வைத்துச் சாட்சி சொல்கிறவர். இலங்கையில் அப்போதும் பழைய ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், சட்டம் நடப்பில் இருந்ததால், நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய டச்சுப் பத்திரங்கள் தினமும் மேசைக்கு வரும். படியெடுத்துப் படியெடுத்து அதைப் படிக்கப் பழகிவிட்டேன். டச்சு மொழியில் எனக்கு ஒரு வீட்டை விற்கத் தெரியும், அடமானம் வைக்கத் தெரியும், விதவைக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கத் தெரியும். குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. என் மனைவிக்கு அந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பிய பிறகு, இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு ஏற்றம்கூட இறைக்க முடியவில்லை.

மலையில் என்னைக் கூப்பிட்டிருந்தவர் ஒரு விதவை அம்மாள். கொழும்பில் பறங்கியர் என்று சொல்வார்களே, ஒல்லாந்தர் வழி வந்தவர்கள், அந்த வகுப்பு. கணவர் மலைமேல் தேவனூர் நாடு என்கிற ஊர்த் தொகுதியில் கொஞ்சம் நிலம் வாங்கிக் காப்பியும் மிளகும் போட்டு, அங்கேயே காய்ச்சலில் இறந்து, தோட்டத்து மேட்டிலேயே அடக்கமாகியிருந்தார். அம்மாளும் ஒரே மகளும் மலையை விட்டுப் போகவில்லை. கவுன் போட்டிருந்தாலும் இருவர் பேச்சும் மலைப்பேச்சு. தாய்க்குத் தமிழ் பேச மட்டும் வரும். மகள் எழுதவும் படிக்கவும் செய்வாள். மேஸ்திரியின் பெண்டாட்டியோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதாம்.

போன அன்றே அம்மாள் விஷயத்தை உடைத்துச் சொன்னார். மகளுக்குக் கொழும்பில் ஒரு பையனை நிச்சயம் பேசியிருந்தார்கள். உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது இருவரும் பார்த்துப் பழகிப் பிடித்துப்போன சம்பந்தம். ஆனால் பையன் வீட்டார் வம்ச அட்டவணை கேட்டார்கள். ஒல்லாந்திலிருந்து வந்த முதல் பாட்டன் தொடங்கி எல்லாரும் முறையாகத் தாலி கட்டிப் பிறந்த வழியா என்று பார்க்கிற வழக்கம் அவர்களுக்கு உண்டு. தாலி என்று நான் சொல்வது நம் பழக்கத்தில். அவர்களுக்குக் கிறிஸ்தவக் கோயிலின் கல்யாணப் பதிவு. அந்தப் பதிவோ, முதல் பாட்டன் குடியிருந்த நாகப்பட்டினம் ஒல்லாந்தரிடமிருந்து இங்கிலீஷ்காரர் கைக்குப் போன குழப்பத்தில் தொலைந்துபோயிருந்தது. அம்மாளின் பிறந்த வீட்டில் மிச்சம் இருந்தது முதல் பாட்டன் காலத்து வீட்டு விற்பனைப் பத்திரம் ஒன்றுதான். அம்மாள் அதன் முதல் பக்கத்துப் பெயர்களைப் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறார். வீட்டை விற்ற பாட்டியின் குடும்பப் பெயர் ஒன்று, பாட்டனுடைய குடும்பப் பெயர் வேறு.

"மனைவின்னா புருசன் பேரு எங்க போச்சுன்னு அவங்க வக்கீல் கேக்கறாராம் ரைட்டர். அவ வச்சுக்கிட்டவளா இருந்தா பொண்ணு வேண்டாங்கறாங்க" என்றார் அம்மாள்.  கை மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தது.

மகள் கதவோரம் நின்றிருந்தாள். "ஏனுங்க ரைட்டரு, நல்லதா வருமுங்களா?" என்று கேட்டாள், நான் ஜாதகம் பார்க்க வந்தவன் போல. வரும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. பத்திரத்தை நான் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பத்திரம் ஒரு தகரப் பெட்டியில், பூச்சி அரிக்காமல் இருக்க முழு மிளகுக்கு நடுவே கிடந்தது. எடுத்து உதறியதும் தும்மல் பிடித்தது. காய்ச்சலுக்கு முன்னால் வரும் தும்மலா, மிளகுத் தும்மலா என்று அன்றெல்லாம் எனக்கு அதே கவலை. மூடுபனி விலகி ஜன்னலில் வெளிச்சம் வரும் நேரம் மட்டுமே படிக்க முடிந்தது. மை பழுத்துப் பழுப்பாகி, தாளும் அதே நிறமாகி, எழுத்து எது கறை எது என்று தெரியாது.

பழைய பத்திரத்தை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போவது புதிதாக வந்தவர்கள் செய்கிற வேலை. நான் முதலில் நான்கு எல்லைகளைத் தேடுவேன். வடக்கே யார் வீடு, கிழக்கே எந்தத் தெரு என்பதில் வார்த்தைகள் மாறாது. அதை வைத்து எழுதியவர் கையெழுத்தைப் பழகிக்கொள்ளலாம். பிறகு பெயர்கள், பிறகு தொழில்கள். தொழிலைக் கண்டுபிடித்த அன்றே முதல் சங்கடம். குடும்பத்தார் பரம்பரையாகக் கப்பல் தலைவர் என்று சொல்லிவந்த பாட்டன், பத்திரத்தில் கப்பல் தச்சராக இருந்தார்.

அதை எப்படிச் சொல்வது என்று சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. கடைசியில் சொன்னபோது அம்மாள், "தச்சரும் கப்பல்லதானே போனாரு" என்றார். மகள் சிரித்துவிட்டாள். இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று நானும் சிரித்தேன். எனக்கு ஒரு கவலை தீர்ந்தால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தது.

டச்சு வாக்கியத்தில் வினை நம் தமிழைப் போலப் பெரும்பாலும் கடைசியில்தான் வந்து சேரும். நொத்தாரிசு எழுதிய வாக்கியமோ பக்கம் தாண்டி ஓடும். விற்றாளா, கொடுத்தாளா, மறுத்தாளா என்பது அடுத்த பக்கத்தில்தான் தெரியும். பாட்டியின் பெயரும் தகப்பன் பெயரும் வந்தன. 'நேரில் தோன்றி' என்று வந்தது. நடுவில் கறை. அப்புறம் எல்லைகள். அதற்குப் பிறகு பாட்டன் பெயர். அவர் எதற்காக வந்து நிற்கிறார்? வாங்குகிறவரா, சாட்சியா, பக்கத்து வீட்டுக்காரரா? வாங்குகிறவராக இருந்தால் கல்யாணம் போயிற்று. கட்டிய பெண்டாட்டியிடம் எவனும் வீட்டை விலைக்கு வாங்கமாட்டான்.

பக்கம் திரும்பியதும் அந்த வரி இருந்தது. 'அவளுடைய கணவரும் காப்பாளருமான மேற்படி ஆசாமி துணை நிற்க.' நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. ஒல்லாந்தர் வழக்கப்படி கல்யாணம் ஆனாலும் பெண் தகப்பன் பெயரோடுதான் இருப்பாள். இங்கிலீஷ் வழக்கத்தில் வளர்ந்த கொழும்பு வக்கீலுக்கு அது தெரியவில்லை. அதே சட்டத்தில், கட்டிக்கொண்ட பெண் தன் சொந்த வீட்டையும் தனியாக விற்க முடியாது. புருஷன் காப்பாளனாக நின்று ஒப்பம் போட வேண்டும். மனைவியாக இல்லாதிருந்தால் அந்த மனுஷனுக்கு அங்கே வேலையே இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தன் வீட்டின் மீது இல்லாத உரிமைதான் அவள் முறையான மனைவி என்பதற்குச் சாட்சியாக நின்றது.

சொன்னதும் அம்மாள் அழுதார். மகள் மேஸ்திரியின் பெண்டாட்டியைத் தேடி ஓடினாள். அன்று எனக்குப் பலாச்சுளையும் தேனும் வந்தன. கொயினா சாப்பிட்ட வாய் என்பதால் தேனும் கசந்தது, ஆனால் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

மொழிபெயர்ப்பைச் சுத்தப் பிரதி எடுக்கும்போதுதான் கவனித்தேன். பத்திரம் முடியவே இல்லை. தேதி, சாட்சிகள், ஒப்பங்கள் எதுவும் காணோம். கடைசித் தாளைத் தடவினால் அது இரண்டு தாள் கனம் இருந்தது. "மலை ஈரமுங்க, எல்லாம் ஒட்டிக்கும்" என்றார் அம்மாள். ஈரத்தில் ஒட்டுவது அங்கங்கே ஒட்டும். இது விளிம்பு நெடுக ஒரே அகலத்தில் ஒட்டியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பின் கீழே, முழுப் பத்திரத்தையும் ஒரு சொல் விடாமல் பெயர்த்தேன் என்று சத்தியம் செய்து நான் ஒப்பம் போட வேண்டும். ஒப்பம் இல்லாத பத்திரத்தை எந்த வக்கீல் ஏற்பான்?

அம்மாள் கூலியாள் பார்க்க வாசலூர்பட்டிப் பக்கம் போயிருந்த ஒரு பகலில், மகளிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. அடுப்பில் சாமை வெந்துகொண்டிருந்தது. மூடியைத் தள்ளிவிட்டு, அந்த ஆவியில் தாளைப் பிடித்துக் காட்டினோம். மேஸ்திரியின் பெண்டாட்டி, "சோத்து ஆவியில காயிதத்த வாட்டறீங்களே சாமி, பொங்குனது நாறிப்போகாதா?" என்று முணுமுணுத்தாள். கிழிந்துவிடுமோ என்று நான் தயங்கியதால் தாளை மகள் வாங்கிப் பிடித்துக்கொண்டாள். விளிம்பிலிருந்து வெள்ளையாகப் பசை கிளம்பியது. சோற்றுப் பசை. யாரோ உட்கார்ந்து நிதானமாகத் தடவி ஒட்டியது.

தாள் பிரிந்தது. தேதி இருந்தது, சாட்சிகள் இருந்தார்கள், தச்சர் பாட்டனின் கோணலான ஒப்பம் இருந்தது. அதன் கீழே தமிழில் ஒரு வரி.

புள்ளி இல்லாத பழைய எழுத்து. எனக்கு முன்னால் மகள் படித்துவிட்டாள், எழுத்துக்கூட்டி, உரக்க. தகப்பன் பெயர், 'மகள்', அப்புறம் தன் பெயர். இரண்டும் துறையூர்ச் சந்தையில் நின்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிற பெயர்கள். பத்திரத்துக்குள் இருந்தவை கோயிலில் வைத்த ஞானஸ்நானப் பெயர்கள். ஒப்பம் போடும்போது அந்தப் பெண் தன் சொந்தத் தமிழ்ப் பெயரைப் போட்டுவிட்டாள். பக்கத்தில் நொத்தாரிசு டச்சில் குறித்திருந்தார்: 'இவ்வூர்க்காரியான விற்பவள் தன் மொழியில் இட்ட ஒப்பம்.'

 பையன் வீட்டார் கேட்டது முறையான மனைவியை. ஆனால் அவர்கள் மனதில் வைத்திருந்தது ஒல்லாந்து மனைவியை. அதைக் கேட்கவேண்டிய அவசியம்கூட அவர்களுக்குத் தோன்றியிருக்காது. மகள் மட்டும் அந்த வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்னய மாதிரியே கோணலா எழுதியிருக்கறாங்க" என்றாள்.

அம்மாள் திரும்பி வந்தார். மேசை மேல் விரிந்து கிடந்த தாளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நான் சுவரோடு ஒண்டிக்கொண்டேன். அவர் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"எங்கப்பா ஒட்டினாரு" என்றார். "என் கல்யாணத்துக்கு முந்தி. நான்தான் சோறு கொழச்சுக் குடுத்தேன். என்ன எழுதியிருக்குதுன்னு நான் கேக்கல, அவரு சொல்லல."

மகள் படித்துக் காட்டினாள். அம்மாள் அந்தப் பெயரைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "ரைட்டர், புருசன் நின்னாருங்கற வரி போதும். அதோட நிறுத்தி ஒப்பம் போடுங்க. இத நான் மறுபடி ஒட்டிர்றேன்."

என்னை நேர்மையானவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் முடியாது என்று சொன்னது பயத்தினால். பொய்ச் சத்தியம் செய்து, நாளைக்கு மூலப் பத்திரத்தைக் கொண்டு வா என்று கொழும்பிலிருந்து கேட்டுவிட்டால் என் கதி என்ன? ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது. அவளுக்கு அந்தப் பையன் மீது எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். தபால்காரர் வரும் நாளில் காலையிலிருந்தே வாசலை விட்டு நகரமாட்டாள்.

"முழுசா எழுதுங்க ரைட்டரு" என்றாள் அவள்.

"கண்ணு, உனக்கு வெவரம் பத்தல."

"இல்லீங்கம்மா. மறைச்சுக் கட்டிக்கிட்டுப் போயி, எப்பத் தெரியுமோ, யாரு சொல்லிருவாங்களோன்னு தெனமும் பயந்துக்கிட்டே இருக்க என்னால ஆகாதுங்க."

"நான் இருக்கலியா?" என்றார் அம்மாள். "காலம் பூரா நான் அப்படித்தான் இருந்தேன்."

 அந்த அம்மாள் மீது எனக்கு அதுவரை இருந்ததெல்லாம் ஒரு பயமும் மரியாதையும்தான். அன்று இரக்கம் வந்தது. தினமும் பயப்படுவது என்னவென்று எனக்கும் கொஞ்சம் தெரியும். அவர் தடுக்கவும் இல்லை, சரியென்று சொல்லவும் இல்லை. நான் இங்கிலீஷில் கடைசிப் பக்கத்தையும் எழுதி, தமிழ் ஒப்பத்தை உள்ளது உள்ளபடி வரைந்து, சத்தியத் தாளைத் தனியாக வைத்து ஒப்பம் போட்டேன். கொழும்புக்குப் போகும் கட்டுக்குள் மகள் தன் கையால் ஒரு கடிதமும் வைத்தாள்.

பிறகு காத்திருந்தோம். மற்ற சில்லறைப் பத்திரங்களையும் பெயர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும்படி அம்மாள் சொல்லியிருந்தார். என்னிடம் பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. மூடுபனியில் தபால்காரர் தடியில் கட்டிய சலங்கை கேட்கும் போதெல்லாம் என் பேனா நின்றுவிடும். கடிதம் இல்லையென்றால் ஒரு நிம்மதி. அப்படி நிம்மதிப்படுவதற்கு வெட்கமும் வரும்.

ஒருநாள் தடித்த உறை வந்தது. மகள் நின்றபடியே பிரித்துப் படித்தாள். "சம்மதம்னு போட்டுருக்குதுங்கம்மா!" அம்மாள் வெளியே ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வம்ச அட்டவணை ஒப்புக்கொள்ளப்பட்டதாம். சீக்கிரமே கொழும்புக் கோயிலில் கல்யாணம். உறைக்குள் இன்னும் ஏதோ மடித்திருந்தது. பிரித்தாள். என் கையெழுத்து. மொழிபெயர்ப்பின் கடைசிப் பக்கம், அந்த ஒரு தாள் மட்டும், கசங்காமல்.

அதன் மேல் இங்கிலீஷில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு ஊசி குத்தியிருந்தது. 'இந்தத் தாள் தவறுதலாக நீங்கள் அனுப்பிய கட்டுக்குள் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. திருப்பி அனுப்பியிருக்கிறோம்.'

"எவ்வளவு நாசூக்கான மனுசங்க!" என்று அம்மாள் சீட்டை வாங்கி மறுபடி மறுபடி படித்தார். கழுத்திலிருந்து பாரம் இறங்கியவர் போல அவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மகள் சிரிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது எழுத்தை. அது மாப்பிள்ளையின் கையெழுத்து.

"ஏனுங்க ரைட்டரு, நீங்க இத தவறிப்போயா வச்சீங்க?"

"இல்லையம்மா."

"நானும் தவறி வக்கலீங்க. லெட்டர்ல எழுதித்தானுங்க வச்சேன்."

அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சம்மதம் வந்துவிட்டதே, விட்டுவிடு தாயே என்று மனதுக்குள் கெஞ்சினேன். வாய்விட்டும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அம்மாள் சொன்னார், அழுதார், கையைப் பிடித்தார். "அவங்களே மூடிக்கிறாங்க கண்ணு. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

அவள் என் பேனாவை வாங்கி, துண்டுச் சீட்டின் பின்னால் இங்கிலீஷில் ஒரே வரி எழுதினாள். 'தவறுதல் இல்லை. இவர் என் பாட்டி.' சீட்டைத் தாளோடு சேர்த்து உறையில் போட்டு, வாசலில் நீர்மோர் குடித்துக்கொண்டிருந்த தபால்காரரிடம் கொடுத்தாள். அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தபால்காரர் பனிக்குள் இறங்கிப் போகும்வரை, ஓடிப்போய் வாங்கிவிடலாமா என்று நான் வாசலிலேயே தவித்துக்கொண்டு நின்றேன்.

பதில் வரவில்லை. மிளகுப் பறிப்பு தொடங்கியது. என் வேலையும் முடிந்தது. காய்ச்சலும் வராமல், கொயினாப் புட்டியும் தீராமல் நான் இறங்கும் நாள் வந்தது. அம்மாள் கூலியைக் கொடுத்து, பார்த்துப் போங்க என்று மட்டும் சொன்னார். மகள் களத்தில் மிளகைக் காலால் கிளறி உலர்த்திக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கிட்டப் போய்க் கேட்டுவிட்டேன்.

"கடிதம் ஏதாவது வந்ததா அம்மா?"

"வரலீங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறைக்கவில்லை. "இனி வராதுங்க. ஆனா இந்தத் தடவ அந்தத் தாளும் திரும்பி வரலீங்க."